ஈடு கொடுத்தல்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலராசிரியர் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியத்திலோ சைவத்திலோ ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து எழுதுவோம் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். பழைய மாணவர் பலர் தம்மை ஆளாக்கிய அதிபர்களையும் ஆசிரியர்களையும் நினைவுகூர்ந்து எழுதுவர். அவை மலருக்கு அணி செய்வன. நாமோ கோல்ப் என்னும் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தோம். அவ்விளையாட்டின் மட்டையை நாம் ஒருநாளும் கையில் எடுத்தவரல்லோம். எனினும், எம் கல்லூரி மைதானத்தில் எம்மால் நேர்ந்த தவறு ஒன்றை எமக்கு உணர்த்தியது அவ்விளையாட்டே. தவறு பலர் முன்னிலையில் நேர்ந்தது. ஆதலின், அதனை ஒப்புக்கொள்வதும் பலர் படிக்கும் ஓரிடத்தில் நிகழ்வதே முறை என்று கருதினோம்.

விழா ஆண்டின் தொடக்கத்தில் எம் மைதானத்தில் நடைபெற்ற விளையாட்டுப் போட்டியைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். மாணவரின் போட்டிகள் முடிந்தபின், ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் ஒருங்கே ஓடும் 100 மீற்றர் ஓட்டம் ஒன்று வைக்கப்பட்டது. ஆண், பெண், முதியோர், இளையோர் எல்லோரும் ஒரே ஓட்டத்தில் ஓடுவதாயின், யாரை எங்கே நிறுத்துவது என்னும் கேள்வி எழுந்தது. அதனைத் தீர்க்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நாம் அரை நிமிடமும் சிந்திக்கவில்லை. ஆண்கள் அனைவரையும் தொடக்கக் கோட்டிலே நிறுத்தினோம்; பெண்கள் அனைவரையும் அதற்கு 20 மீற்றர் முன்னே நிறுத்தினோம். பெண்மைக்கு மதிப்பளித்துவிட்டோம் என்ற நிறைவும் எம் உள்ளத்தில் இருந்தது.

துப்பாக்கி ஒலித்தது. எம் கல்லூரியிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், ஏனையோர் பாதி தூரம் வருமுன்னே இறுதிக் கோட்டைக் கடந்துவிட்டார். மாணவியாக இருந்த காலத்தில் அவர் மாகாண மட்டத்தில் ஓடியவர் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். முழங்கால் நோயால் வருந்தும் ஓய்வுபெற்ற பழைய மாணவர் ஒருவர், எல்லோரும் வந்து சேர்ந்தபின் தனியராய்த் தள்ளாடி வந்தார். மாணவர்கள் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று மாலை அவ்வாசிரியை தமக்குக் கிடைத்த கிண்ணத்துடன் ஆசிரியர் அறைக்கு வந்து, அதனை எம் மேசைமீது வைத்தார். “சேர், என்னுடைய ஓட்டத்தைப் பார்த்தா 20 மீற்றர் தந்தீர்கள்? நான் ஓடி நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லையே. என்னை எதற்காக அந்த ஐயாவுக்கு முன்னால் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டார். எமக்கு விடை தோன்றவில்லை. “கணிதம் என்னுடைய பாடம். கேட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் கணித்துத் தந்திருப்பேன்” என்று மேலும் ஒரு சொற் சொல்லிவிட்டுச் சென்றார். அக்கிண்ணம் அன்றுதொட்டு ஆசிரியர் அறை அலுமாரியில், பெயர் பொறிக்கப்படாமலே இருக்கின்றது.

இது நிகழ்ந்து சில வாரங்களின் பின், சித்திரை விடுமுறையில் நாம் நுவரெலியாவுக்குச் சென்றோம். எம்முடன் இக்கல்லூரியில் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் கொழும்பிலே கணக்காளராக இருக்கின்றார். அவரும் அவர் மனைவியாரும் வசந்த காலத்தில் அங்கு சென்று கோல்ப் ஆடுவது வழக்கம். இவ்விளையாட்டை எம் நாட்டுக்குக் கொண்டுவந்தோர் ஆங்கிலேயரும் ஸ்கொத்லாந்தியருமே. 1879இல் கொழும்பிற் கோல்ப் கழகம் தோன்றியது. தோட்டத் துரைமாரின் உறைவிடமாகிய நுவரெலியாவில் அந்நூற்றாண்டு முடியுமுன்னே மற்றொன்று தோன்றியது. நகரின் நடுவே, பைன் மரங்களுக்கு இடையே விரிந்து கிடக்கும் அப்பசும்புற்றரையின் ஓரத்தில் நண்பர் எம்மை அழைத்துச் சென்று நிறுத்தினார்.

பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் மேடைகள் ஒரே இடத்தில் இல்லை என்பதையே நாம் முதலிற் கண்டோம். நண்பர் பின்னேயுள்ள மேடையிலிருந்து அடித்தார். அவர் மனைவியார் சில பாகம் முன்னே சென்று வேறொரு மேடையிலிருந்து அடித்தார். எம் மைதானத்து 20 மீற்றர் உடனே நினைவுக்கு வந்தது. “இங்கேயும் நாம் செய்ததுபோலவே செய்திருக்கின்றார்கள்” என்று ஆறுதல் கொண்டோம். அம்மையாரை நோக்கி, “இவர் உங்களுக்கு எத்தனை அடி விட்டுக்கொடுக்கின்றார்?” என்று வினவினோம். அவர் நகைத்து, “அண்ணை, இவர் எனக்கு ஒன்றும் தரத் தேவையில்லை. நான்தான் இவருக்கு ஏழு அடி கொடுக்கின்றேன்” என்றார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பந்தைக் குறிவைத்தார். எம் ஆறுதல் அவ்விடத்திலேயே முடிந்தது.

அன்று மாலை தேநீர் அருந்திக்கொண்டே அவ்விருவரும் எமக்கு விளக்கியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துரைப்போம். திறன் வேறுபட்ட இருவர் ஒப்ப நின்று ஆடும்பொருட்டுத் திறன் குறைந்தவருக்கு அளிக்கப்படும் அடிகளை ஆங்கிலத்தில் ஹண்டிகப் என்பர். அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்குக் குறைபாடு, தடை என்றெல்லாம் பொருள் காணப்படும். அதன் பிறப்போ வேறு. ‘தொப்பிக்குள் கை’ என்னும் ஆங்கிலத் தொடரிலிருந்து அது வந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருவர் தம் பொருள்களைப் பண்டமாற்றுச் செய்யும்போது, விலை குறைந்த பொருளுடையவர் மேலதிகமாக எவ்வளவு கொடுத்தால் இரண்டும் ஒக்கும் என்று நடுவர் ஒருவர் தீர்ப்பார். இருவரும் தொப்பிக்குள் கையிட்டு எடுத்து அதற்குத் தம் உடன்பாட்டையோ மறுப்பையோ காட்டுவர். அங்கிருந்து அச்சொல் குதிரைப் பந்தயத்துக்குச் சென்றது. விரைந்தோடும் குதிரைமீது மிகுந்த பாரம் ஏற்றப்பட்டது. பின்னர் கோல்பிலும் புகுந்தது. ஆகவே, அது குறையைச் சுட்டப் பிறந்த சொல் அன்று. நிகர் செய்யப் பிறந்த சொல். தமிழிலே இதற்கு ஈடு என்னும் சொல் நன்கு பொருந்தும். ஈடு கொடுத்தல் என்று எம்மவர் சொல்லும்போது எதிர்த்து நிற்றல், நிகராதல் என்னும் பொருள்களும் அதில் அடங்கியிருத்தல் காண்க.

இந்த ஈடு எவ்வாறு அளக்கப்படுகின்றது? 2020ஆம் ஆண்டுவரை உலகில் ஆறு வெவ்வேறு முறைகள் வழங்கின. அவ்வாண்டு அவையனைத்தும் ஒரே உலக முறையாக இணைக்கப்பட்டன. ஒருவர் இறுதியாக ஆடிய 20 ஆட்டங்களை எடுத்து, அவற்றுள் மிகச் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியைக் காண்பதே அதன் அடிப்படை. எல்லா ஆட்டங்களின் சராசரியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். ஒருவர் சோர்ந்த நாளில் எவ்வளவு தாழ்வார் என்பதன்று, நன்றாக ஆடும் நாளில் எவ்வளவு உயர்வார் என்பதே அவர் திறன் என்பது அம்முறையின் கொள்கை. வேண்டுமென்றே மோசமாக ஆடித் தம் ஈட்டை உயர்த்திக்கொள்ள நினைப்பவருக்கும் இது ஓரளவு தடையாகின்றது. மேலும், குறுகிய காலத்தில் ஒருவரின் ஈடு அளவுக்குமேல் உயராதபடி வரம்புகளும் உண்டு. ஆணாயினும் பெண்ணாயினும் உச்ச ஈடு 54 என்பதே இப்போதைய விதி.

இதுவரை ஆண், பெண் என்னும் பேச்சே எழவில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். அவ்வேறுபாடு எங்கே வருகின்றது என்றால், ஆளை அளக்கும்போது அன்று. களத்தை அளக்கும்போதே வருகின்றது. மிகத் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரு களத்தை எத்தனை அடியில் முடிப்பார் என்பதைக் கணித்து அதற்கு ஒரு மதிப்பெண் இடுவர். இதனைக் களமதிப்பு என்போம். சாதாரண ஆட்டக்காரருக்கு அக்களம் தேர்ந்தவரைவிட எவ்வளவு மிகுதியாகக் கடினமாகின்றது என்பதைக் காட்டும் இன்னோர் எண்ணும் உண்டு. அது 55 முதல் 155 வரை அமையும். 113 என்பது நடுநிலை. அதனைக் கடின எண் என்போம். இவ்விரண்டும் ஒவ்வொரு மேடைக்கும், ஆடவருக்கு வேறாகவும் மகளிருக்கு வேறாகவும் கணிக்கப்படும். மிகத் தேர்ந்த ஆடவர் முதலடியில் ஏறத்தாழ 250 யார் தூரம் பந்தைச் செலுத்துவார் என்றும், மிகத் தேர்ந்த பெண் ஏறத்தாழ 210 யார் செலுத்துவார் என்றும் கொண்டே களத்தை அளக்கின்றனர். ஒரே ஓடை, ஒரே மணற்குழி, இருவரின் பந்தையும் ஒரேவிதமாக மறிப்பதில்லை அன்றோ?

கணக்கு விளங்கும்பொருட்டு எண்களைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு களத்தில் முடிக்கவேண்டிய அடிகள் இருபாலார்க்கும் 71 என வைத்துக்கொள்வோம். கணவர் ஆடும் மேடையின் களமதிப்பு 70, கடின எண் 120. மனைவியார் ஆடும் மேடை மகளிர்க்கெனக் கணித்த களமதிப்பு 72, கடின எண் 122. கணவரின் ஈட்டெண் 21, மனைவியாரின் ஈட்டெண் 12. கணவரின் 21ஐ 120ஆற் பெருக்கி 113ஆல் வகுத்து, களமதிப்பு 71இலும் ஒன்று குறைந்தமையால் ஒன்றைக் கழித்தால், முழு எண்ணில் 21 வரும். மனைவியாரின் 12ஐ 122ஆற் பெருக்கி 113ஆல் வகுத்து, களமதிப்பு 71இலும் ஒன்று கூடியமையால் ஒன்றைக் கூட்டினால், முழு எண்ணில் 14 வரும். வேறுபாடு ஏழு. ஆகவே, கணவர் மிகக் கடினமான ஏழு குழிகளில் குழிக்கு ஓர் அடி வீதம் ஈடு பெறுவார். இனி, இருவரின் ஈட்டெண்ணும் 12 என்றே இருந்தால் என்ன நிகழும்? கணவருக்கு 12 அடியும் மனைவியாருக்கு 14 அடியும் வரும். அப்போது மனைவியார் இரண்டடி பெறுவார். பெண் என்பதற்காக அவருக்குக் கிடைப்பது அவ்விரண்டடியே. அதுவும் சலுகை அன்று; அவர் ஆடும் களம் அவருக்குக் கடினமாயிருப்பதன் விலை. எஞ்சியவை எல்லாம் அவரவர் ஆடிக்காட்டிய ஆட்டத்தின் பயன்.

இந்த நுட்பம் எளிதாகக் கைவந்ததன்று. முற்காலத்தில், ஆடவர் மகளிருக்கு இரண்டு குழிக்கு ஓர் அடி விட்டுக்கொடுத்தால் போதும் என்பது இங்கிலாந்திற் பலரும் கொண்ட கருத்து. 1910ஆம் ஆண்டிலே ஹரோல்ட் ஹில்டன் என்னும் பெருவீரருக்கும் செசில் லீச் என்னும் 19 வயது நங்கைக்கும் அந்நிபந்தனையின்மீது 72 குழி ஆட்டம் ஒன்று நடந்தது. ஹில்டன் 1892இலும் 1897இலும் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் வாகை சூடியவர். வோல்ற்றன் ஹீத், சன்னிங்டேல் என்னும் இரு களங்களில் பெருங்கூட்டம் திரண்டு பார்த்தது. மகளிர் வாக்குரிமை வேண்டிப் போராடிய காலம் அது. ஆதலால் அவ்வாட்டம் விளையாட்டாக மட்டும் எண்ணப்படவில்லை. பிற்பகுதியில் பின்தங்கி நின்ற லீச், மீண்டெழுந்து, ஒரு குழி எஞ்சியிருக்கும்போதே இரண்டு குழி முன்னிலையில் வென்றார். வென்றது லீச் அம்மையாரா, அவருக்குக் கொடுத்த ஈடா என்று அறிய வழியில்லை. அவருடைய திறனையும் ஹில்டனின் திறனையும் எவரும் அளந்து அந்த ஈட்டை வகுக்கவில்லை. வழக்கம் ஒன்றை எடுத்து ஒருவர்மீது போர்த்தினர், அவ்வளவே. எம் 20 மீற்றரும் அவ்வகையினதே.

இதிலே வியப்பு யாதெனின், நாடு முழுவதற்கும் பொதுவான ஈட்டுமுறையை முதலில் அமைத்தவர்கள் மகளிரே என்பது. 1893இல் இங்கிலாந்தில் மகளிர் கோல்ப் ஒன்றியம் தோன்றியது. அதன் முதற் செயலாளர் இசெற் பியர்சன் என்னும் அம்மையார். மகளிர் வெற்றிக்கிண்ணப் போட்டியின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் இறுதியாட்டம்வரை சென்று, இருமுறையும் ஒரே எதிரியிடம் தோற்றவர் அவர். வெவ்வேறு கழகத்தார் வெவ்வேறு விதமாக ஈடு கொடுத்துவந்த நிலையை மாற்றி, எல்லாக் கழகங்களுக்கும் ஒரே அளவுகோலை உண்டாக்க அவர் முன்னின்று உழைத்தார். ஆடவர் தமக்குப் பொதுமுறை கண்டது அதற்கு நெடுங்காலம் கழித்தே. 1754இல் தோன்றிய சென் அன்ரூஸ் கழகம் மகளிரை உறுப்பினராக ஏற்க 2014ஆம் ஆண்டுவரை சென்றதையும் இதனுடன் வைத்து நோக்குக. வாயிலுக்கு வெளியே நின்றவர்களே உள்ளே இருந்தவர்களுக்கு முன்னர் அளவுகோலைச் செம்மை செய்திருக்கின்றார்கள்.

ஈடு கொடுப்பதனால் உயர்ந்த திறன் மதிப்பிழக்கும் என்று சிலர் அஞ்சுவர். கோல்பார் அதற்கும் வழி கண்டுள்ளனர். ஈடு கழியாத அடிகளுக்கு ஒரு பரிசும், ஈடு கழித்த அடிகளுக்கு வேறொரு பரிசும் கொடுக்கும் வழக்கம் பல கழகங்களில் உண்டு. முன்னது யார் சிறந்தவர் என்பதைக் காட்டும். பின்னது யார் அன்று தம் திறனுக்கு மேல் ஆடினார் என்பதைக் காட்டும். ஆசிரியராகிய எமக்கு இஃது எளிதில் விளங்கியது. 90 புள்ளி எடுப்பவன் மீண்டும் 90 எடுத்தலும், 30 எடுத்தவன் 50 எடுத்தலும் வேறு வேறு பெருமை உடையன அல்லவோ?

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் விடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. தரப்படுத்தல் என்னும் சொல் எம்மவர் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை எம் பழைய மாணவருக்குச் சொல்லவேண்டுவதில்லை. 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழக அனுமதிக்கு ஒரு மாணவன் பெற்ற புள்ளி, அவன் எழுதிய மொழியை நோக்கி மாற்றப்பட்டது. நாம் அதற்குப் பின் பிறந்தவர். ஆயினும் எம் ஆசிரியர் வாயிலாக அக்கசப்பைக் கேட்டே வளர்ந்தோம். ஆய்வுகூடமும் ஆசிரியருமில்லாத பாடசாலையின் பிள்ளைக்கு ஈடு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பின்வந்த மாவட்ட ஒதுக்கீடு அத்தகைய சிலருக்கு வழி திறந்ததும் உண்மை. அது களத்தை அளத்தல். பிறப்பை நோக்கி ஆளுக்கு விலையிடுதல் வேறு. இந்த வேறுபாட்டைப் பேச்சிற் பலமுறை எடுத்துரைத்த நாமே, எம் மைதானத்தில் ஓர் ஆசிரியையைப் பெண் என்ற ஒன்றுமட்டும் நோக்கி 20 மீற்றர் முன்னே நிறுத்தினோம். முழங்கால் நொந்த முதியவரை ஆண் என்ற ஒன்றுமட்டும் நோக்கிப் பின்னே நிறுத்தினோம். வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, துலாக்கோலை உவமையாக்கினார். அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். கோலைக் கையில் எடுக்கும்முன்னே தீர்ப்புச் சொல்லிவிடும் மனத்தை மட்டும் இன்னும் நாம் திருத்திக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் கணித ஆசிரியையிடம் சென்று, எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் கடிந்துரைக்கவில்லை, ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து ஐந்து நிமிடத்திற் கணித்துக் காட்டினார். ஒருவர் 100 மீற்றரை 16 செக்கனிலும் மற்றவர் 20 செக்கனிலும் ஓடுவாராயின், பின்னவர் 16 செக்கனில் 80 மீற்றரே கடப்பார். ஆகவே அவருக்கு உரிய முன்னிடம் 20 மீற்றர். அவர் ஆணா, பெண்ணா, அதிபரா, காவலாளியா என்று கொப்பி கேட்கவில்லை. “ஒருமுறை ஓடினால் போதாது சேர், மூன்றுமுறை ஓடவேண்டும். அவற்றுள் சிறந்த நேரத்தை எடுப்போம்” என்றார். அவர் கோல்பைப் பற்றி ஒன்றும் அறிந்தவரல்லர்.

அன்பர்களே, அக்கொப்பி இப்போது ஆசிரியர் அறையில், பெயரில்லாத அக்கிண்ணத்தின் அருகே இருக்கின்றது. இதுவரை 14 பேர் தம் நேரத்தைப் பதிந்துள்ளனர். முழங்கால் நொந்த பெரியவரும் ஒருநாட் காலை கோலூன்றி வந்து, எம்மைச் சிறிது நேரம் உற்றுநோக்கிவிட்டு, மூன்றுமுறை நடந்து காட்டிச் சென்றார். அவர் நடந்து முடியும்வரை நாம் தலைகுனிந்து நேரத்தைக் குறித்துக்கொண்டு நின்றோம். கணக்கின்படி அவர் இறுதிக் கோட்டுக்கு மிக அண்மையில் நிற்பார். கணித ஆசிரியையோ பல ஆடவருக்குப் பின்னே, தொடக்கக் கோட்டில் நிற்பார். விழா நிறைவு நாளன்று அவ்வோட்டம் மீண்டும் நடைபெறும். பழைய மாணவரும் அவர்தம் இல்லத்தாரும் ஒருநாள் முன்னதாகவே வந்து, மூன்றுமுறை ஓடிக் காட்டுமாறு வேண்டுகின்றோம். எம் நேரமும் அக்கொப்பியில் உண்டு, அது பெருமைப்படத்தக்கதன்று.

எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.